திருகோணமலைக்கு அனுப்பப்பட்டவர்கள்

6 பெப்ரவரி 2009, வெள்ளிக்கிழமை

செவ்வாய்க்கிழமை வகுப்பில் நான் ஒரு தவறு விட்டுவிட்டேன். நான் வாழ்க்கை வரலாறு எழுதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் படை அதிகாரி எட்மண்ட் ஆல்டிங்டனுக்கு மேலே இருந்தவர்களில் மூன்று பேர் திருகோணமலையில் இறந்தார்கள் என்று சொன்னேன். இறந்தவர்கள் நான்கு பேர். படைப்பிரிவின் வரலாற்றில் ஆல்டிங்டன் என்ற பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. ஒரே ஆளை இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை விட்டுவிட்டேன். இன்று வேலை முடிந்து கிளேட்டன் நூலகத்தில் மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, மற்றவர் அவருடைய சித்தப்பா மகன், அங்கே இறந்த நான்காவது ஆள். அடுத்த வகுப்பில் திருத்திச் சொல்ல வேண்டும்.

இப்படியான தவறுகள் என்னை நாள் முழுக்க அரிக்கும். வகுப்பில் வயது குறைந்தவன் நான்தான். மற்றவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குத் தவறு விடுவதற்கு உரிமை இருக்கிறது. எனக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதாக நான் ஒருபோதும் உணர்ந்ததில்லை.

இது வாழ்க்கை வரலாறு எழுதப் பழகும் மாலை வகுப்பு. நடத்துபவர் கேத்தரின் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்பேர்ணில் வந்து முடிந்த ஒரு வாழ்க்கையை ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே ஒரு நாட்குறிப்பும் எழுத வேண்டும்: என்ன தேடினோம், எங்கே பிழை விட்டோம் என்று. அதை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. எந்த மொழியிலும் எழுதலாம் என்று கேத்தரின் சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன். ஆல்டிங்டனை எடுத்ததற்குப் பெரிய காரணம் இல்லை. அவருடைய கடிதங்களில் திருகோணமலை வருகிறது. நான் பிறந்த ஊர் அது.

அவர் ஓர் ஏர்ல் பிரபுவின் மூன்றாவது மகன். அந்தக் காலத்து ஆங்கிலேயப் படையில் பதவிகளை விலைக்கு வாங்கலாம். தகப்பன் முதல் இரண்டு படிகளை வாங்கிக் கொடுத்தார். பிறகு பந்தயக் குதிரைகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இனி உன் பாடு என்று எழுதிவிட்டார். பிரபுவின் மகன், கையில் எதுவும் இல்லாத லெப்டினன்ட், இலங்கையில். வீட்டுக்குப் போகவும் முடியாது, மேலே போகவும் முடியாது.

ஆனால் ஒரு விதி இருந்தது. மேலே உள்ள ஓர் அதிகாரி இறந்தால் அந்த இடத்தை யாரும் விற்க முடியாது. அடுத்த வரிசையில் நிற்பவருக்கு அது சும்மா கிடைக்கும். அதனால் அதிகாரிகள் மேசையில் கூடும்போது கோப்பையை உயர்த்தி, இரத்தம் சிந்தும் போர் வரட்டும், நோய்க்காலம் வரட்டும் என்று வாழ்த்துவார்களாம். அதே மேசையில் மூத்தவர்களும் இருப்பார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டு குடிப்பார்கள்.

ஆல்டிங்டன் படைப்பிரிவின் நிர்வாக அதிகாரியாக இருந்தார். எந்த அதிகாரி எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது என்ற முறைப்பட்டியலை அவர்தான் எழுதுவார். கண்டி குளிர்மையான இடம். காலியும் பரவாயில்லை. திருகோணமலையில் அந்த வருடங்களில் காய்ச்சலும் வாந்திபேதியும். யாராவது போகத்தான் வேண்டும். ஆல்டிங்டன் யாரை அனுப்பினாலும் அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது: ஒருவருக்குக் கடற்கரை அனுபவம் உண்டு, இன்னொருவருக்குக் குடும்பம் இல்லை, மற்றவர் உடம்பில் பலசாலி. ஏழு வருடங்களில் அவர் மேஜர்.

இதை நான் செவ்வாய்க்கிழமை வகுப்பில் வாசித்தேன். சச்சிதானந்தன் அங்கிள்தான் முதலில் வாய் திறந்தார். அவர் பொறியியலாளராக இருந்தவர். வகுப்பில் என்னைத் தவிர ஒரே தமிழர்.

"தம்பி, உம்மட ஆள் நல்லா ரோஸ்டர் போடுறார். எங்கட கோயில் கொமிற்றிக்குச் செயலாளரா எடுப்பமோ? அங்கையும் மூப்பர் ஒருத்தரும் கதிரையை விட்டு எழும்புறாங்கள் இல்லை."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கேத்தரினும் சிரித்தார். பிறகு, "ஆனால் கவனமாக இருங்கள், சிறிதரன்," என்றார். "பட்டியல் இருக்கிறது, மரணம் இருக்கிறது. நடுவில் அவர் என்ன நினைத்தார் என்பதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை. நல்ல காரணங்களோடு வேலை செய்த ஓர் அதிகாரியாகவும் அவர் இருந்திருக்கலாம்."

அவர் சொன்னது சரி. அதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆல்டிங்டன் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அதை எந்த ஆதாரத்தோடு சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஆதாரத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் நோபல் பார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளன். அங்கே மேற்குப் பக்கத்துக் கடைசி அறையில் இரண்டு கட்டில்கள் தமிழ்ப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தமிழ் பேசும் ஊழியர், சோறு, மரக்கறி, சுவரில் ஒரு பிள்ளையார் படம். மெல்பேர்ணின் தென்கிழக்கில் வேறு எங்கும் அப்படி இல்லை. என் அம்மா இராஜேஸ்வரி அவற்றில் ஒன்றுக்காகப் போன வருடத்திலிருந்து காத்திருந்தார். பாரிசவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் ஒரே பிள்ளை. வேலைக்குப் போகும் நேரம் அரசாங்கம் அனுப்பும் பெண் வந்து பார்ப்பாள். மற்ற நேரம் முழுவதும் நான். செவ்வாய் மாலைகளில் மட்டும் பக்கத்து வீட்டார் வந்து இருந்தார்கள். டிசம்பரில் அவர்கள் கிரெய்கிபர்னுக்கு வீடு மாறிப் போனார்கள். வகுப்பை நிறுத்த வேண்டிய நிலை. இதை நான் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அந்தக் கிழமைக்கொரு மாலை இல்லாவிட்டால் எனக்கு வேறு எதுவும் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால், இந்தக் குறிப்பு முழுமையாகாது.

எங்கள் பொறுப்புத் தாதி இரஞ்சிதம் அக்கா. "உங்கட அம்மாதான் அடுத்தது, சிறி," என்று சொல்லியிருந்தார். "ஒரு கட்டில் வெறுமையானால் உடன எடுப்பம். ஆனா ரெண்டு கிழவியும் கல்லு மாதிரி இருக்கினம். கடவுள் ஆயுசைக் குடுக்கட்டும், என்ன?"

நானும், கடவுள் ஆயுசைக் கொடுக்கட்டும் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

உண்மையில் கல்லு மாதிரி இருந்தது ஒருவர்தான். பவளம் அன்ரி எழும்ப மாட்டார், மூச்சுக்குக் குழாய் வேண்டும். கல்லு மாதிரி இருந்தவர் மீனாம்பாள். வயது எண்பத்தெட்டு. மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்; மகன் தனபாலனோடு இங்கே வந்தவர். நான் எதையும் குறித்துக்கொண்டே இருப்பதால் எனக்குக் கிராணி என்று பெயர் வைத்திருந்தார். தோட்டத்தில் கணக்கு எழுதுபவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"கிராணி ஐயா வந்துட்டாரு லா, எல்லாரும் நேரா உக்காருங்க. பவளம், நீ விட்ட குறட்டையையும் எழுதிக்கிட்டாரு."

"நான் எங்க குறட்டை விட்டனான்?" என்று பவளம் அன்ரி குழாய்க்குள்ளால் சொல்வார்.

"நீ விடல. ராத்திரி ரூமுக்குள்ள லாரி வந்துச்சு."

எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நான் தற்காப்புக்காகச் சொல்லவில்லை. ஆல்டிங்டனுக்கும் அந்த நான்கு பேரையும் பிடித்திருந்தது என்பது கடிதங்களில் தெளிவாக இருக்கிறது. ஒரு தகவலாக இதைச் சேர்க்கிறேன்.

மீனாம்பாள் வெள்ளிக்கிழமைகளில் விரதம். மாலையில் விளக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. தை மாதத்து வெள்ளியென்றால் இன்னும் கடுமை, தண்ணீர்கூட வேண்டாம் என்பார். இது ஆபத்தானது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "சாமி கோவிக்காது அம்மா, இது தண்ணி, சாப்பாடு இல்லை," என்பேன். "கிராணி எழுதுனா சாமி ஒத்துக்கும்," என்று சொல்லி வாங்கிக் குடிப்பார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படி. வேறு யார் கொடுத்தாலும் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். வற்புறுத்தினால் குடிப்பார், ஆனால் வற்புறுத்த வேண்டும்.

போன வாரம் புதன்கிழமை வெப்பம் தொடங்கியது. நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு, வெள்ளிக்கிழமை நாற்பத்தைந்து. இரஞ்சிதம் அக்கா விடுமுறையில் பிரிஸ்பேனில். பொறுப்பில் இருந்தது கிரேஸ், ஏஜென்சியிலிருந்து வந்த பிலிப்பினோத் தாதி. நல்ல பெண், எங்கள் இல்லத்துக்குப் புதியவள். மேற்குப் பக்க அறைகளில் ஏசி இல்லை, பழைய கூலர்தான். அந்த மாதிரி நாட்களில் அங்கிருப்பவர்களைக் காலையிலேயே ஏசி உள்ள ஹாலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஹாலில் எல்லோருக்கும் இடம் இல்லை. ஒருவர் இருவர் அறையிலேயே இருக்கத்தான் வேண்டும், ஈரத்துணியும் மின்விசிறியுமாக. யார் என்ற பட்டியலை நான் போடுவேன். ஒழுங்காகச் செய்பவன் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

மூன்று நாளும் பவளம் அன்ரியை ஹாலிலும் மீனாம்பாளை அறையிலும் போட்டேன். காரணங்கள் இருந்தன. இருப்பவர்களில் பலசாலி அவர். தானாக எழும்பி அறைக்குள் நடப்பவர். ஹாலில் தொலைக்காட்சிச் சத்தம் பிடிக்காது என்று முதல் நாள் அவரே சொன்னார். அந்தப் பட்டியலை இன்றைக்கும் யார் கையிலும் கொடுப்பேன். ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாம் நாள் அவர், "கிராணி, என்னையும் அங்கிட்டுக் கொண்டு போய்ப் போடேன். டிவி கத்துனா கத்திட்டுப் போவுது," என்றார். மத்தியானத்துக்குப் பிறகு பார்ப்போம் என்றேன். மத்தியானத்துக்குப் பிறகு ஹாலில் இடம் இருக்கவில்லை. அதுவும் உண்மை.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து அறையில் கூலர் நின்றுபோனது. அங்கே இருந்த கிழவருக்கு இருதய நோய். மீனாம்பாளின் மின்விசிறியை எடுத்து அவருக்கு வைத்தேன். இதற்கும் காரணம் இருந்தது.

இவ்வளவும் பட்டியல். கேத்தரின் சொல்வதுபோல, இதில் நான் என்ன நினைத்தேன் என்பதற்கு ஒன்றும் இல்லை. நான் இங்கேயே நிறுத்தினால், நல்ல காரணங்களோடு வேலை செய்த ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டு நாளாக அப்படித்தான் நிறுத்திப் பார்த்தேன். ஆனால் நான் தேடும் ஆதாரம் அடுத்ததில் இருக்கிறது.

காலைத் தேநீர் நேரம் கிரேஸ் தண்ணீர்ப் போத்தல்களோடு மேற்குப் பக்கம் போனாள். நான் நடைவழியில் அவளை மறித்தேன்.

"மீனாம்பாளுக்கு இன்றைக்கு விரதம்," என்றேன். "எங்கள் சமயத்தில் இது முக்கியமான வெள்ளி. சூரியன் மறையும் வரைக்கும் வாயில் எதுவும் படக்கூடாது. தண்ணீரும்தான். கொடுத்தால் மறுப்பார், வற்புறுத்தினால் மனம் உடைந்துபோவார்."

கிரேஸ் யோசித்தாள். "இந்த வெயிலிலா?"

"வருடா வருடம் பிடிப்பவர். நான் பார்த்துக்கொள்கிறேன்."

"சொன்னது நல்லது," என்றாள். "எனக்குத் தெரிந்திருக்காது. மரியாதைக் குறைவாக நடந்திருப்பேன்." மற்ற ஊழியர்களுக்கும் அவளே சொன்னாள். அவள் வளர்ந்த வீட்டிலும் பெரிய வெள்ளிக்கு உபவாசம் உண்டாம். அதனால்தான் அவ்வளவு கவனமாக இருந்தாள்.

அந்த நாள் முழுக்க ஹாலில் எனக்கு வேலை இருந்தது. செய்தேன். மேற்குப் பக்கம் நான் போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை நடைவழி முனையில் நின்றேன். அங்கே நின்றால் கடைசி அறைக் கதவு தெரியும். "கிராணி," என்று கூப்பிட்டது கேட்டது. சத்தமாக இல்லை. "கிராணி, வந்து எழுது லா." நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவக் கொண்டுபோனேன்.

மாலை விளக்கு வைக்கும் நேரம் கிரேஸ்தான் தண்ணீர் கொண்டுபோனாள், சூரியன் மறைந்துவிட்டதா என்று சன்னலில் பார்த்துவிட்டு. அவள் போட்ட சத்தம் ஹாலுக்குக் கேட்டது.

டாக்டர் வந்து இருதயம் என்று எழுதினார். அந்த வாரம் மெல்பேர்ண் முழுவதும் முதியவர்கள் இறந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தனபாலன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அம்மா எப்பவும் உங்களப் பத்திதான் சொல்வாங்க. தை வெள்ளி அன்னிக்கு விரதத்தோடயே போயிட்டாங்க, பாருங்க. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" நான், ஆமாம், பெரிய புண்ணியம் என்றேன். இலங்கைத் தமிழில் ஓம் என்று சொல்லாமல் அவருக்காக ஆமாம் என்று சொன்னது நினைவிருக்கிறது. ஆல்டிங்டன் இறந்த அதிகாரிகளின் தாய்மாருக்கு எழுதிய கடிதங்கள் மிக நன்றாக இருக்கின்றன. அவை வெறும் நடிப்பு என்று போன வருடம் வகுப்பில் சொன்னேன். அதுவும் என் பிழை.

கட்டில்கள் எங்கள் இல்லத்தில் வெறுமையாகக் கிடப்பதில்லை. திங்கட்கிழமை அம்மா வந்துவிட்டார். செவ்வாய் மாலை நான் வகுப்புக்குப் போனேன். முழு நேரமும் இருந்தேன். முடிந்த பிறகு சச்சிதானந்தன் அங்கிளோடு கோப்பிகூடக் குடித்தேன். மணி பார்க்காமல் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று மறந்துபோயிருந்தேன்.

எல்லாம் அம்மாவுக்காகச் செய்தது. அவருக்குத் தமிழ்ச் சோறும் தமிழ்ப் பேச்சும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. இதை எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் தெரிகிறது.

ஆனால் அம்மாவுக்கு அங்கே பிடிக்கவில்லை. சாப்பாட்டை வாயில் வாங்கிக்கொண்டு விழுங்காமல் வைத்திருக்கிறார். இன்று காலை நான் தலை சீவிவிட்டபோது நல்ல கையால் என் சேர்ட்டைப் பிடித்தார்.

"இந்தக் கட்டில்ல ஆர் கிடந்தது?"

"ஒரு அம்மா. மலேசியாக்காரி."

"அவவுக்கு என்ன நடந்தது?"

"வயசு போட்டுது அம்மா. வெக்கை."

"என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போ, ராசா. உனக்குக் கரைச்சல் தரமாட்டன். மூலையில கிடப்பன்."

கிழமை முடியட்டும் என்றேன். அவர் சேர்ட்டை விடவில்லை. விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் இரஞ்சிதம் அக்கா பிரிஸ்பேனிலிருந்து தொலைபேசியில் எடுத்தார். "சிறி, அம்மா சாப்பிடுறா இல்லையாம். கிரேஸ் சொன்னவ. இப்பிடியே எண்டால் பலவந்தமா வச்சிருக்கேலாது. நான் திங்கள் வாறன். வந்தவுடன கதைச்சு, நீங்கள் திரும்ப வீட்டை கூட்டிக்கொண்டு போறதுதான் நல்லம் போல கிடக்கு."

ஓம் அக்கா என்றேன். அம்மா வீட்டுக்கு வந்தால் செவ்வாய் மாலை வகுப்பு இல்லை.

வேலை முடித்துப் புறப்படும்போது கிரேஸ் வாசல் வரைக்கும் வந்தாள். மீனாம்பாளின் சாவுக்குப் பிறகு அவள் சரியாகத் தூங்குவதில்லை என்று முகத்தில் தெரிகிறது. "சிறி, உன் அம்மாவுக்கும் விரத நாட்கள் உண்டா?" என்று கேட்டாள். "முன்கூட்டியே தெரிந்தால் நாங்கள் மதித்து நடப்போம். இந்தத் தடவை எதையும் பிழையாகச் செய்ய விரும்பவில்லை."

பாரிசவாதம் வந்ததிலிருந்து அம்மா எந்த விரதமும் பிடிப்பதில்லை, டாக்டர் தடுத்துவிட்டார். அதைச் சொல்ல வாய் திறந்தேன். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனேன்.

வானிலை அறிவிப்பில் நாளைக்கு நாற்பத்துநான்கு என்கிறார்கள், அதற்கு மேலும் போகலாமாம். ஹாலில் இடம் போதாது. பவளம் அன்ரியை முதலில் கொண்டுபோக வேண்டும், அவருக்கு மூச்சு. அம்மாவுக்கு மூச்சில் குறை ஒன்றும் இல்லை, சத்தமும் பிடிக்காது.

நாளை சனிக்கிழமை, காலை வேலை. நேரத்தோடு போய் ஹால் பட்டியலை எழுத வேண்டும். கிரேஸுக்குப் பதில் சொல்ல வேண்டும்.